மலைக்குளிரில் கோழிக்கூடு: ஐப்பசி முதல் மாசி வரை

கோழிக்குக் குளிர் பெரிய விஷயமில்லை, ஈரம்தான் எமன். உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் இறகு. நன்றாகத் தின்று, காற்று படாத காய்ந்த இடத்தில் உட்கார்ந்த நாட்டுக்கோழி உறைபனி இரவையும் சத்தமில்லாமல் தாண்டிவிடும். அதே கோழியைச் சொதசொதத்த தரையும் மூக்கைத் துளைக்கும் எச்ச வாடையும் உள்ள கூட்டில் அடைத்துப் பாருங்கள், அவ்வளவு குளிர் வேண்டியதில்லை, சளி பிடித்துக் கொர் கொர் என்று இழுக்க ஆரம்பித்துவிடும். அதனால் இந்தப் பதிவில் ஹீட்டர் பற்றி ஏதும் இருக்காது. கூரை, தரை, காற்று, தீனி, தடுப்பூசி, கடைசியில் கொஞ்சம் குஞ்சு. அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் இடையில் ஒரு சரிவில், கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்தில். கிழக்குச் சரிவு என்பதால் ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் எங்களுக்குப் பெரிய மழை. அது விட்டதும் வானம் வெளுத்து நீர்ப்பனி தொடங்கும்; மார்கழி, தையில் உறைபனி. மழைக்காலக் கூடும் பனிக்காலக் கூடும் ஒன்றேதான். ஆனால் இரண்டு பருவமும் கேட்பது வேறு வேறு.

வாடகைக்கு எடுத்த வீட்டோடு கூடும் வந்தது. எட்டடிக்கு ஆறடி. தகரக் கூரை, மண் தரை, மூன்று பக்கம் பலகை, கிழக்கே பார்த்த முன்பக்கத்தில் கோழி வலை. முன்பு இருந்தவர்கள் அதில் விறகு அடுக்கியிருந்தார்கள். எங்களிடம் இருந்தவை பதினெட்டு உருப்படி: சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழி ரகத்தில் பெட்டை பதினொன்று, சேவல் இரண்டு, மீதி ஐந்தும் கிராமப்பிரியா. கிராமப்பிரியா ஹைதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்காக உருவாக்கிய ரகம். முட்டை நிறைய வைக்கும், அடைக்கு உட்காருவது அரிது. சிறுவிடை அதற்கு நேர் எதிர். பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்தால் போதும், கொக்கொக் என்று அடைக்கு உட்கார்ந்துவிடும். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதன் காரணம் தை மாதத்தில் தெரியும்.

தரை

முதல் வேலை கூட்டுக்கு உள்ளே இல்லை, வெளியே, மேட்டுப் பக்கத்தில். சரிவில் கட்டிய எந்தக் கூட்டுக்கும் மேலிருந்து தண்ணீர் மண்ணுக்குள்ளேயே ஊறி வரும். கூரை ஒழுகாமலே தரை நனைந்திருந்தால் காரணம் இதுதான். கூட்டுக்கு மேல்புறம் ஒரு முழ ஆழத்துக்குப் பிறை வடிவில் வாய்க்கால் வெட்டி, இரு நுனிகளையும் கூட்டைத் தாண்டி இறக்கிவிட்டோம். அடியில் கருங்கல் ஜல்லி போட்டதால் வாய்க்கால் தூர்ந்து போகவில்லை. ஐப்பசியின் முதல் பெரிய மழையில் அதில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கக் குடையோடு நின்றேன். என் கணவர் ஜன்னல் வழியாக, "கோழிக்கு ஆறு வெட்டியாச்சா?" என்று கேட்டார். ஆச்சு.

உள்ளே இருந்த கறுத்த மேல்மண்ணை ஒரு சாண் வழித்து எடுத்து, ஜல்லி பரப்பி, மேலே செம்மண் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தினோம். அதன்மேல் நீர்த்த சுண்ணாம்புத் தூள் தூவி, ஒரு வாரம் கதவைத் திறந்துபோட்டுக் காயவிட்ட பிறகுதான் கூளம்.

சமவெளியில் கூளம் என்றால் உமி அல்லது கடலைத்தோல், கேள்வியே இல்லை. இங்கே உமி மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வர வேண்டும், வண்டிக்கூலி உமியை விட அதிகம். மலையில் கிடைப்பது தச்சுப் பட்டறையின் இழைப்புச் சீவலும், தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் சருகும். சீவல் அருமையான பொருள். மரத்தூளாக இல்லாமல் சுருள் சுருளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தூள் என்றால் கிளறும்போது புழுதி பறக்கும், பசித்த கோழி அதைக் கொத்தித் தின்றும் வைக்கும். சில்வர் ஓக் சருகு தனியாகப் போட்டால் ஈரத்தில் பாய் மாதிரி ஒட்டிக்கொள்கிறது, சீவலோடு பாதிக்குப் பாதி கலந்தால் சரியாக இருக்கிறது. தொடக்கத்தில் நான்கு விரற்கடை கனம், பிறகு வாரா வாரம் கொஞ்சம் சேர்த்து, மார்கழிக்குள் அரை அடி. இதுதான் ஆழ்கூளம். அடியில் எச்சமும் சீவலும் சேர்ந்து மெல்ல மக்கும், மக்கும்போது கொஞ்சம் சூடும் வரும். ஆனால் அந்தச் சூட்டை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். மண் தரையின் சில்லிப்பு காலில் ஏறாமல் தடுப்பதுதான் கூளத்தின் பெரிய உபகாரம்.

கூளத்தைப் பார்க்கிற முறை சுலபம். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறக்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் கூடிவிட்டது. அடுத்தது மூக்குச் சோதனை. காலையில் கதவைத் திறந்ததும் நின்றபடியே மோந்து பார்த்தால் போதாது, குனிந்து கோழியின் தலை உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோக வேண்டும். கண் கரித்தால் அந்தக் காற்றைத்தான் அவை விடிய விடிய மூச்சில் இழுத்திருக்கின்றன. அப்படி வாடை வந்தால் எல்லோரும் உடனே சுண்ணாம்பை அள்ளி மேலே போடுவார்கள். ஈரக்கூளத்தில் சுண்ணாம்பு விழுந்தால் அந்த நேரத்துக்கு அம்மோனியா இன்னும் அதிகமாகத்தான் கிளம்பும். முதலில் கட்டிதட்டிய ஈரக்கூளத்தை மண்வெட்டியால் பெயர்த்து வெளியே போட்டு, அந்த இடத்தில் தரை காய்ந்த பிறகு சுண்ணாம்பு, அதன்மேல் புதுச் சீவல். வரிசை மாறக் கூடாது. ஈரக்கூளத்தின் இன்னொரு கேடு ரத்தக்கழிச்சல். அதன் கிருமி முட்டைகள் முற்றுவதற்கு ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும். பெரிய கோழி தாங்கிக்கொள்ளும், இளங்குஞ்சு தாங்காது.

கூரை

தகரக் கூரையைப் பற்றி ஒரு சங்கதி. தெளிந்த வானமுள்ள இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துபோகிறது. உள்ளே பதினெட்டுக் கோழிகளின் மூச்சு. அந்த ஈரக்காற்று மேலேறித் தகரத்தில் பட்டதும் நீராகிவிடும். விடிகாலை நாலரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். ஒவ்வொரு மடிப்பிலும் வரிசைகட்டி, பெருத்து, சரிவில் கொஞ்சம் வழுக்கி, ஆணி அடித்த இடத்தில் நின்று சொட்டியது. நேர் கீழே இருந்தது சேவலின் முதுகு. மழையே இல்லாத மார்கழியில் கூரை ஒழுகுகிறது என்று பலர் புலம்புவது இதைத்தான். தார் பூசினாலும் நிற்காது, ஏனென்றால் தண்ணீர் வருவது வெளியிலிருந்து இல்லை.

இதற்கு இரண்டு வழி. தகரம் அவ்வளவு குளிராமல் செய்ய வேண்டும். ஈரக்காற்று தகரத்தில் தங்காமல் வெளியே போக வேண்டும். முதலாவதற்குத் தெர்மோகோல் ஒட்டலாம் என்று கடையில் சொன்னார்கள். கோழிக்குத் தெர்மோகோல் கண்ணில் பட்டால் போதும், பொரி மாதிரி கொத்தித் தின்றுவிடும். நமக்கு ஒத்து வராது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் போட்டு மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். விளக்குமாறு போல மெல்லிய குச்சிகள், இலையோடு. அதையே கட்டுக்கட்டாகக் கட்டித் தகரத்தின் மேல் ஒரு சாண் கனத்துக்கு அடுக்கி, குறுக்கே மூங்கில் வைத்துக் கம்பியால் இறுக்கிவிட்டோம். வானத்துக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு மெத்தை. மிலார் மேல் பனி வெள்ளையாகப் பூத்துக் கிடந்த காலைகளிலும் அடியில் தகரம் பெரும்பாலும் காய்ந்தே இருந்தது.

இரண்டாவது வழிதான் எல்லோரையும் வாக்குவாதத்துக்கு இழுப்பது. முன்னும் பின்னும் கூரைக்கு அடியில் ஆறு அங்குல இடைவெளியை நீளவாக்கில் திறந்தே விட்டேன், வெல்டு மெஷ் என்ற கெட்டியான கம்பிவலை மட்டும் அடித்து. அதே சமயம் கீழே பலகைச் சந்துகளையெல்லாம் ரீப்பர் வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, கீழே ஊசி நுழைய இடமில்லாம அடைக்கிறே, மேலே இவ்வளவு பெரிய ஓட்டையை விட்டுட்டியே. பனி உள்ளே வராதா?"

"கோழி உட்கார்றது கீழே பாட்டி. மேலே போறது அதுங்க மூச்சு."

"எங்க காலத்துல சாக்கைப் போட்டு முழுசா மூடிடுவோம்."

"மூடினா கூரை சொட்டுமே பாட்டி."

பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொட்டும்தான்" என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் மார்கழி முடியும்வரை வேலியோரம் வரும்போதெல்லாம் அந்த இடைவெளியை ஒரு பார்வை பார்க்காமல் போகவில்லை.

இடைவெளி சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். கோழி உட்காரும் கட்டையின் மட்டத்தில் கொளுத்திப் பிடித்தேன். புகை நேராக மேலே போய், கூரைக்கு அடியில் வந்ததும் வளைந்து பின்பக்கமாக வெளியேறியது. கட்டை மட்டத்திலேயே புகை அலைந்தால் அங்கே காற்று வீசுகிறது என்று பொருள். எங்கள் கூட்டில் தென்மேற்கு மூலையில் அப்படித்தான் அலைந்தது. ஒரு பலகைக் கண் உதிர்ந்து ஓட்டையாகியிருந்தது, அடைத்தாயிற்று.

முன்பக்கம் கிழக்கே பார்ப்பதால் காலை வெயில் நேராக உள்ளே விழும். இது பெரிய வரம். ஆனால் ஐப்பசி மழையும் அதே திசையிலிருந்துதான் சாரலடிக்கும். கூரையை மூன்றடி முன்னால் இழுத்துத் தாழ்வாரம் இறக்கினோம். வலைக்கு முன்னே தீவனச் சாக்குகளைத் தைத்துப் படுதா. மாலையில் இறக்கும்போதும் மேலே ஓரடி திறந்திருக்கும். காலை வெயில் வந்ததும் முழுக்கச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும், மறக்கவே கூடாது.

உட்காரும் கட்டைக்கு யூகலிப்டஸ் ரீப்பர், இரண்டு அங்குல அகலம், தட்டைப் பக்கம் மேலே. உருண்டைக் குச்சியில் உட்கார்ந்தால் விரல்கள் சுற்றிப் பிடித்துக்கொண்டு வெளியே நீட்டி நிற்கும். தட்டைக் கட்டையில் உட்கார்ந்தால் வயிற்று இறகு விரல்களை முழுக்க மூடிவிடும். ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் என்று கணக்கு. கூட்டின் ஆறடி அகலத்துக்கு இரண்டு கட்டைகள் சரியாகப் போதும். இரண்டையும் ஒரே உயரத்தில், தரையிலிருந்து மூன்றடியில் வைத்தேன். ஏணி மாதிரி ஒன்றைவிட ஒன்று உயரமாக வைத்தால் மேல் கட்டைக்குத் தினமும் சாயங்காலம் சண்டை.

கரி அடுப்பை உள்ளே வைக்கலாமே என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில், கூடவே கூடாது. இந்த மலையில் மூடிய அறையில் கரி நெருப்பு வைத்துக்கொண்டு தூங்கி மனிதர்களே செத்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது. சீவல் மேல் ஒரு பொறி விழுந்தால் அது தனிக் கதை.

வலையும் தாழ்ப்பாளும்

பனிக்காலத்தில் மரநாயும் காட்டுப்பூனையும் சீக்கிரமே இறங்கிவிடுகின்றன. ஆறு மணிக்கே இருட்டு, ஊரே கதவடைத்துக்கொள்கிறது. அறுகோண ஓட்டைக் கோழி வலை கோழி வெளியே போகாமல் இருக்க மட்டும்தான், எதையும் உள்ளே வராமல் தடுக்காது. மரநாய் பல்லால் பிய்த்துவிடும், கீரி கையளவு சந்தில் நுழைந்துவிடும். முன்பக்கம் முழுக்க அரை அங்குல வெல்டு மெஷ் மாற்றினோம். செலவில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது. அடியில் ஓரடி மெஷ்ஷை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் படுக்கவைத்தோம். தோண்டுகிற பிராணி சுவரோரத்தில்தான் தோண்டும், கம்பி தட்டுப்பட்டதும் விட்டுவிடும். தாழ்ப்பாளில் ஒரு கொக்கியும் சேர்த்தாயிற்று.

தீனி மூட்டை கூட்டில் இருக்கக் கூடாது. எலி வரும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் கரடி. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக் கோயில்களில் விளக்கு எண்ணெயையே குடிக்க வருகிற கரடிகள் கடலைப் புண்ணாக்கு வாசனையை விடுமா? இறுக்கமான மூடி போட்ட இரும்பு டிரம்மில், வீட்டுக்குள்.

தீனி

குளிருக்கு உண்மையான அடுப்பு கோழியின் வயிற்றில்தான் இருக்கிறது. மற்ற நாட்களில் எண்பது, நூறு கிராம் தின்கிற கோழி இப்போது கூடுதலாகக் கேட்கும், கொடுக்க வேண்டும். முக்கியமானது சாயங்காலத் தீனி. நாலரை மணி வாக்கில் உடைத்த மக்காச்சோளமும் முழுக் கம்பும். மாவுத்தீவனம் சீக்கிரம் இறங்கிவிடும், முழுத்தானியம் அரைபட நேரமெடுக்கும், ராத்திரி முழுக்க உள்ளே வேலை நடக்கும். இருட்டியதும் ஒவ்வொன்றின் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். நிறைந்திருந்தால் பந்து போல உருண்டு, உள்ளே தானியம் நெறுநெறுவென்று விரலுக்குத் தட்டுப்படும். ஒன்றுக்கு மட்டும் வெறும் பையாக இருந்தால் அதை மற்றவை தின்னவிடவில்லை, அல்லது அதற்கு உடம்பு சரியில்லை. நோய் வெளியே தெரிவதற்கு முன்பே இந்தத் தடவலில் தெரிந்துவிடும்.

கார்த்திகை வாக்கில் இறகு உதிர்த்து நின்ற பெட்டைகளுக்குப் புரதம் வேண்டும், இறகே பெரும்பாலும் புரதம்தானே. கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்தோம். கருவாடு உப்புப் போடாததாக இருக்க வேண்டும். உப்பு ஏறினால் தண்ணீரை அதிகம் குடித்து எச்சம் நீராகப் போகும், கூளம் நனையும், மறுபடி முதல் பிரச்சினைக்கே வந்து நிற்போம். மழைக்காலப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூசணம் சாதாரணம். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அந்தப் பூசணத்தில் உருவாகிக் கல்லீரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் போகாது. சிக்கு வாடை வந்த மூட்டையை நான் கழுவிக் காயவைத்துக்கொண்டிருக்க மாட்டேன், அப்படியே திருப்பிவிடுவேன். கடைக்காரருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

பச்சைக்குப் பஞ்சமில்லாத ஊர். முட்டைக்கோஸ் மேல் இலை, கேரட் தழை. மருந்தடித்த காட்டுத் தழையைத் தொடுவதில்லை, யார் காடு, எப்போது அடித்தார்கள் என்று கேட்டுத்தான் எடுப்பேன். முழு முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேலே தொங்கவிட்டால், மழை விடாத நாளில் அடைபட்ட கோழிகள் எம்பி எம்பிக் கொத்திப் பொழுதைப் போக்கும். ஒன்றையொன்று இறகு பிடுங்குவது குறையும். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற தீவனச் செடியை வளர்க்கச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள். சமவெளியில் நல்ல யோசனை. இந்தக் குளிரில் தொட்டி அப்படியே மந்தமாகக் கிடக்கிறது, பெருக மாட்டேன் என்கிறது.

தண்ணீர் காலையில் வெதுவெதுப்பாக. வெளியே வைத்த வட்டிலில் மேலே கண்ணாடித்தாள் போல ஐஸ் படிந்திருக்கும் நாட்கள் உண்டு. இரவில் கூட்டுக்குள் தண்ணீரே வைப்பதில்லை. இருட்டில் கோழி குடிக்காது, இருக்கிற தண்ணீர் ஈரத்தைத்தான் கூட்டும்.

முன்தாழ்வாரத்தில் ஒரு பழைய டயருக்குள் அடுப்புச் சாம்பலும் காய்ந்த செம்மண்ணும். மண் குளியல் இல்லாவிட்டால் பேனும், ரத்தம் குடிக்கும் செல் பூச்சியும் பனிக்காலத்தில்தான் ஏறும், வெளியே காய்ந்த மண்ணே கிடைக்காதே. செல் பகலில் கோழி மேல் இருக்காது, கட்டையின் நுனி செருகிய சந்தில் ஒளிந்திருக்கும். ராத்திரி டார்ச்சோடு அந்தச் சந்தில் ஒரு வெள்ளைத் தாளைத் தேய்த்தால் சிவப்புக் கீற்று விழும். வேப்பெண்ணெய் பூசலாம். குளிரில் அது உறைந்துவிடும், வெந்நீரில் பாட்டிலை வைத்து இளக்கிக்கொள்ள வேண்டும்.

ஊசி, சளி

ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியை ஐப்பசிக்கு முன்பே போட்டுவிட வேண்டும். கால்நடைத்துறையின் இருவார முகாம் வழக்கமாகப் பிப்ரவரியில் வருகிறது. பனிக்காலம் அதற்குள் பாதிக்கு மேல் போய்விடும். கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டு வாரம் தாண்டினால் இறக்கைப் பக்கம் தோலுக்கு அடியில் அரை மில்லி ஊசி. ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்கினோம். கலக்கிய மருந்தை ஐஸிலேயே வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அக்கம்பக்கத்துக் கோழிகளையும் அன்றைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டால் ஒரு குப்பி வீணாகாது, ஊருக்கும் பாதுகாப்பு. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பதை நானும் செய்கிறேன், தீனி எடுக்க உதவுகிறது. ஆனால் கழிச்சல் வந்துவிட்ட ஊரில் தடுப்பூசி போடாத கூட்டத்தை அரைத்த உருண்டையை வைத்துக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா வந்துவிடுங்கள்.

மார்கழியில் ஒரு கிராமப்பிரியாவுக்கு முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. மூக்கோரம் ஒட்டுகிற சளி, கிட்டே போனாலே அழுகல் நாற்றம். கொரைசா என்ற தொற்றுச் சளி நோய். உடனே தனிக்கூண்டு, தனி வட்டில், அதைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் மற்றதைத் தொடுவதில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தைச் சொன்ன நாள்வரை கொடுத்தோம், அந்த முட்டைகளைத் தின்னவில்லை. வீக்கம் வடிந்தது, ஆனால் இந்த நோயிலிருந்து தேறிய கோழி கிருமியை வைத்துக்கொண்டே திரியும் என்பதால் அதைக் கூட்டத்தோடு மறுபடி சேர்க்கவில்லை. இரண்டு சேவல்களின் கொண்டை நுனிக்குத் தேங்காய் எண்ணெய் தடவியதைத் தவிர உறைபனிக்கென்று வேறு வைத்தியம் எதுவும் தேவைப்படவில்லை.

வெளிச்சம்

முட்டை குறைந்ததும் லைட் போடுங்கள் என்பார்கள். நன்றாக முட்டை வைக்கப் பதினான்கு முதல் பதினாறு மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பது உண்மைதான். குளிர்நாடுகளில் டிசம்பரில் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும், அங்கே விளக்கு இல்லாமல் ஒன்றும் நடக்காது. நமக்கு இந்த அட்சரேகையில் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு; ஜூனில் பதின்மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. முட்டை குறைவது பெரும்பாலும் இறகு உதிர்ப்பாலும் தீனி போதாததாலும்தான். கிராமப்பிரியாக்களுக்காக ஒரு சின்ன எல்இடி பல்பை டைமரில் போட்டேன், விடிகாலை நான்கு மணிக்கு எரிகிற மாதிரி. மாலையில் போட்டால் சட்டென்று அணையும்போது கட்டை ஏறாத கோழி இருட்டில் தரையிலேயே தவிக்கும். காலை விளக்கென்றால் அதுவாகவே விடியலோடு கலந்துவிடுகிறது. சிறுவிடைகளுக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை. அவை தங்கள் இஷ்டப்படிதான் வைத்தன.

தையில் குஞ்சு

தை நடுவில் ஒரு சிறுவிடை அடைக்கு உட்கார்ந்தது. பனி முடியட்டும் என்று கலைத்திருக்கலாம். ஆனால் இருபத்தொரு நாள் கழித்துக் குஞ்சு வெளிவரும்போது மாசி வெயில் வந்துவிடும், கணக்கு சரியாக இருந்தது. கிராமப்பிரியா முட்டையும் சேர்த்து வைத்தேன். அவை வைக்கும், இவள் பொரிப்பாள். கோடையில் பன்னிரண்டு வைக்கிற இடத்தில் எட்டு மட்டும். ஓரத்து முட்டை இறகுக்கு வெளியே வந்து சில்லிட்டுவிடும்; தாய் முட்டைகளை இடம் மாற்றி மாற்றி வைப்பதால் முறைபோட்டு எல்லாமே கெடும். கோடைக்கென்றால் மணல், இப்போது கூடையில் சாம்பல், அதன்மேல் வைக்கோல். மாமியார் வழக்கப்படி ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் ஒரு மிளகாயும் ஓரத்தில் செருகினார். இடிக்குக் காப்பாம். தையில் இடி ஏது என்று நான் கேட்கவில்லை. அடை முட்டையைச் சேர்க்கும் நாட்களில் காலை பறித்ததும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். பனியில் கிடந்து விறைத்த முட்டை பொரிக்காது.

எட்டில் ஆறு பொரித்தது. குஞ்சுகள் தாயோடுதான் இருந்தன, ஆனாலும் ஒரு மூலையில் பெட்டி வைத்து அறுபது வாட் குண்டு பல்பு தொங்கவிட்டேன். எல்இடியில் சூடு வராது. குண்டு பல்பு தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டரை விடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர், ஓரத்தில் வாய் பிளந்து நின்றால் சூடு, பரவலாகப் படுத்துத் தூங்கினால் பல்பைத் தொடாதீர்கள். கரண்ட் போகும் இரவுகளுக்குத் தாய் இருக்கிறாள். இன்குபேட்டர் வாங்காமல் சிறுவிடை வைத்திருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

மாசியில் மிலாரை இறக்கி விறகடுப்புக்குப் போட்டாயிற்று. கூளம் மொத்தமும் வெளியே வந்தது. அடிக்கூளம் கறுத்து, மண்வாசனையோடு, பொடிப்பொடியாக. மேல்பாதி இன்னும் மக்கவில்லை. இதை அப்படியே காட்டில் போட்டால் வேர் கருகும் என்பதால் குவித்து, தண்ணீர் தெளித்து, சாக்கு மூடி வைத்திருக்கிறோம், இரண்டு மூன்று மாதமாவது ஆகும். பாட்டி இரண்டு மூட்டைக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டார், பதிலுக்கு உருளைக்கிழங்கு. தென்மேற்கு மழைக்கு முன் பின்பக்கத் தாழ்வாரத்தையும் இரண்டடி இழுக்க வேண்டும். தகரத்துக்கு அளவு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.